பக்கத்து பெஞ்ச் போடும் மார்க்!

ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். "எல்லாம் புரியுது சார்... பேசத்தான் வரலை" என்பார். கோளாறு அவர் நாக்கில் இல்லை, கணக்கில்!

கிளாஸ் ஒரு மணி நேரம். ஆட்கள் 40 பேர். மாஸ்டர் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால்கூடத் தலைக்கு ஒன்றரை நிமிஷம்தான். அவர் எங்கே சும்மா இருக்கிறார்? மிச்ச நேரத்தையும் முன் பெஞ்ச் கான்வென்ட் பார்ட்டிகள் சாப்பிட்டுவிட, ஆபீஸ் முடிந்து பஸ் பிடித்து ஓடிவந்த நம்ம ஆள் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வீடு திரும்புகிறார்.

இதற்கு ஒரு வழி உண்டு. 40 பேரையும் நாலு நாலு பேராகப் பிரித்தால் பத்து கோஷ்டி. இப்போது தலைக்குக் கால் மணி நேரம்! இரைச்சல் சந்தைக்கடை மாதிரிதான் இருக்கும். இருக்கட்டுமே!

ஆனால் பத்து கோஷ்டியையும் ஒரே மாஸ்டர் எப்படிக் கவனிப்பார்? அவர் தலை மறைந்தால் பேச்சு தமிழுக்கும் கிரிக்கெட்டுக்கும் தாவிவிடாதா? அதனால்தான் பேனாவை மாணவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். பேசியவனுக்குப் பக்கத்தில் இருப்பவன் மார்க் போடணும்.

மாணவனை நம்பிப் பொறுப்பை ஒப்படைப்பது நமக்குப் புதுசில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை யாராம்? 1789-ல் சென்னையில் அநாதைச் சிறுவர்கள் பள்ளிப் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். தம் பள்ளியிலும் பையன்களையே பையன்களுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். வெள்ளைக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே 'மெட்ராஸ் சிஸ்டம்'!

சரி, எதற்கு மார்க்? இலக்கணத்துக்கு அல்ல. அதில் ரெண்டு பேருமே ஒரே படகு. வாயைத் திறந்தானா, கேள்வி கேட்டானா, மற்றவன் பேசும்போது காது கொடுத்தானா... இவ்வளவுதான். இதற்கு ரென் அண்ட் மார்ட்டின் கரைத்துக் குடித்திருக்க வேண்டியதில்லை.

'நீ எனக்குப் பத்து போடு, நான் உனக்குப் பத்து' என்று கூட்டணி வைப்பார்களே? வைப்பார்கள். பி.காம்.காரர்களுக்கு 'அக்காமடேஷன் பில்' ஞாபகம் வரும். சரக்கே கைமாறாமல் பரஸ்பர உபகாரம்! மருந்து இருக்கிறது. ஆளுக்கு 12 மார்க். மற்ற மூணு பேருக்கும் பிரித்துத் தரணும், சமமாகத் தரக்கூடாது, ஒரு வரி காரணமும் எழுதணும். வாராவாரம் கோஷ்டியை மாற்றணும். நடுநடுவே மாஸ்டர் வந்து உட்காருவார், சர்ப்ரைஸ் ஆடிட்!

இன்னொரு ஆபத்து நிஜமானது. கூச்ச சுபாவி ஒருவனுக்கு எல்லாருமாகச் சேர்ந்து குறைத்துப் போட்டால், அடுத்த நாள் அவன் வரவே மாட்டான். இதற்கு டோஸ்ட்மாஸ்டர்ஸ் சங்கத்தைப் பாருங்கள். 1924-ல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி ஆரம்பித்தது. வாத்தியாரே கிடையாது. பேச்சை எடை போடுவது சக உறுப்பினர்தான். 'ஆ... ம்...' என்று இழுப்பதை எண்ணவே ஒரு ஆள் உண்டு! ஆனால் முதலில் நல்லதைச் சொல்லிவிட்டுத்தான் திருத்தம் சொல்வார்கள். அந்த மரியாதை இல்லாவிட்டால் மார்க் வெறும் குத்தல்.

ஒன்று கவனித்தீர்களா? நம்மைத் தடுப்பது இங்கிலீஷ் இல்லை. யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம். இங்கே சிரிக்கக்கூடியவனும் அடுத்து உங்களிடம் மார்க் வாங்க வேண்டியவன்!

பக்கத்து பெஞ்ச்காரன் போட்ட நாலு மார்க்கை அடுத்த வாரம் ஆறாக்கிவிடலாம். இன்டர்வியூவில் மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் மார்க் போடுகிறார். ஆனால் அவர் காரணம் சொல்வதில்லை. அடுத்த வாரம் வரச் சொல்வதும் இல்லை.