மாதக்கணக்கில் ஊறும் பிஸ்கட் மாவு

ஜெர்மனியில் பழைய முறைப்படி லெப்கூகன் என்ற தேன் மசாலா பிஸ்கட்டைச் செய்கிற வீடுகளில் கிறிஸ்துமஸ் வேலை இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். தேனைச் சர்க்கரையோடு சூடாக்கி ஆறவிட்டு, கோதுமை மாவும் ரை என்ற தானியத்தின் மாவும் சேர்த்துப் பிசைந்து, குளிர்ந்த அறையில் மூடி வைத்துவிடுவார்கள். அந்த மாவு வாரக்கணக்கில், சில வீடுகளில் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். டிசம்பர் நெருங்கும்போதுதான் பட்டை, கிராம்பு, ஏலக்காய், சாதிக்காய், சுக்கு, அன்னாசிப்பூ, கொத்தமல்லி விதை என ஒரு மசாலாப் பொடியைச் சேர்த்துத் திரட்டி, துண்டுகள் போட்டுச் சுட்டெடுப்பார்கள்.

இவ்வளவு நாள் காத்திருக்கத்தான் வேண்டுமா? மாவை உப்பவைக்க மான்கொம்பு உப்பு, சாம்பல் உப்பு என்றெல்லாம் ஏன் தேடிப்போக வேண்டும்? இந்தச் செய்முறையின் விதிகளை வேதியியலை வைத்துச் சோதித்தால் பெரும்பாலானவை தேறிவிடுகின்றன. இரண்டை மட்டும் இன்று மாற்றிக்கொள்வது நல்லது.

நூர்ன்பெர்க்கின் சொத்து

லெப்கூகனுக்குப் பேர்போன ஊர் நூர்ன்பெர்க். ஊரைச் சுற்றியிருந்த காடுகளில் தேன் ஏராளமாகக் கிடைத்தது. மலபார்க் கரையின் மிளகும் இஞ்சியும் ஏலமும், மலுக்குத் தீவுகளின் கிராம்பும் சாதிக்காயும் வெனிஸ் துறைமுகத்தில் இறங்கி, ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இந்த வணிக நகருக்கு வந்தன. 1643இல் லெப்கூகன் செய்பவர்கள் ரொட்டிக்காரர்களிடமிருந்து பிரிந்து தனிச் சங்கமே அமைத்துக்கொண்டார்கள். 1996 முதல் ‘நூர்ன்பெர்க் லெப்கூகன்’ என்ற பெயருக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பும் உண்டு. இதில் உயர்ந்த வகை எலிசன் லெப்கூகன். அதில் பாதாம், ஹேசல்நட், வால்நட் போன்ற பருப்புகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

தேன் செய்யும் வேலை

மாவு கெடாமல் இருப்பதற்குக் காரணம் தேன். அதில் தண்ணீர் 17, 18 சதவீதம்தான். மீதி பெரும்பாலும் ஃபிரக்டோஸும் குளுக்கோஸும். இந்தச் சர்க்கரைகள் இருக்கிற தண்ணீரையும் இறுகப் பிடித்துக்கொள்வதால், நுண்ணுயிர்கள் பெருகத் தேவையான ஈரம் கிடைப்பதில்லை. தேன் இயல்பிலேயே அமிலத்தன்மை கொண்டது என்பது கூடுதல் காவல். ஊறவைக்கும் மாவில் முட்டை சேர்க்காததற்கும் காரணம் இதுவே. முட்டையின் ஈரம் சேர்ந்தால் இந்தக் காவல் உடைந்துவிடும். முட்டை தேவைப்பட்டால் சுடும் நாளில்தான் சேர்க்க வேண்டும்.

மாவு ஊறும்போது மாவுத்துகள்கள் ஈரத்தை மெல்ல உறிஞ்சிச் சமனாகின்றன; அமிலங்களும் சிறுகச் சிறுகக் கூடுகின்றன. இந்த அமிலம் மாவை உப்பவைக்கும்போது தேவைப்படும்.

சுட்டவுடன் லெப்கூகன் பல்லுக்குச் சவாலாக இருக்கும். அதை டின்னில் போட்டு, ஓர் ஆப்பிள் துண்டையும் உடன்வைத்து மூடுவது ஜெர்மன் வீடுகளின் வழக்கம். ஆப்பிளிலிருந்து வெளியேறும் ஈரத்தை ஃபிரக்டோஸ் இழுத்துக்கொள்கிறது. கண்ணாடிபோல இறுகியிருந்த சர்க்கரை இளகி, சில நாட்களில் பிஸ்கட் மெத்தென்று ஆகிவிடுகிறது. ஆப்பிள் துண்டைப் பூசணம் பிடிக்காமல் அடிக்கடி மாற்ற வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இரண்டு உப்புகள்

ஈஸ்ட் இங்கே உதவாது. இவ்வளவு சர்க்கரையில் அது சோர்ந்துவிடும். அதனால் மாவை உப்பவைக்க இரண்டு பழைய பொருட்களைப் பயன்படுத்தினார்கள். ஒன்று, மரச்சாம்பலிலிருந்து எடுத்த பொட்டாசியம் கார்பனேட். இது அமிலத்தோடு சேர்ந்தால்தான் கரியமில வாயுவை விடும். ஊறிய மாவின் அமிலம் கைகொடுப்பது இங்கேதான். இன்னொன்று, ஒருகாலத்தில் மான்கொம்பைக் காய்ச்சி வடித்து எடுத்த அம்மோனியம் பைகார்பனேட். இதற்கு அமிலமே வேண்டாம். சூடு பட்டதும் அம்மோனியா, கரியமில வாயு, நீராவி என முழுவதுமாக ஆவியாகிவிடும். சாம்பல் உப்பு பிஸ்கட்டைப் பக்கவாட்டில் விரிக்கும், மான்கொம்பு உப்பு மேல்நோக்கி எழுப்பும் என்பது அங்குள்ள அடுமனைக்காரர்களின் அனுபவப் பாடம்.

சுடும்போது ஓவன் கதவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கும் நெடி இந்த அம்மோனியாவுடையதுதான். மெல்லிய பிஸ்கட்டிலிருந்து அது முழுவதும் வெளியேறிவிடும். தடிமனான கேக்கில் ஈரத்தோடு கரைந்து உள்ளேயே தங்கிவிடும் என்பதால் கேக்குகளுக்கு இதைப் பயன்படுத்துவதில்லை.

மாற்ற வேண்டிய முதல் விதி இங்கே வருகிறது. மாவுப்பொருளை அதிகச் சூட்டில் சுடும்போது அக்ரிலமைடு உருவாகிறது என்று 2002இல் ஸ்வீடன் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். 120 டிகிரி செல்சியஸுக்கு மேல், மாவிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு வினைபுரிவதால் உருவாவது இந்த அக்ரிலமைடு. விலங்குகளில் புற்றுநோயைத் தூண்டும் பொருள் அது. தேனின் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இந்த வினைக்கு ஏற்ற சர்க்கரைகள். அம்மோனியம் பைகார்பனேட் அதை மேலும் முடுக்கிவிடுகிறது. அதற்குப் பதிலாகச் சமையல் சோடா போட்டால் அக்ரிலமைடு வெகுவாகக் குறைகிறது. இவ்வகை பிஸ்கட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கும் அளவுகோல் கிலோவுக்கு 800 மைக்ரோகிராம்.

எந்தப் பட்டை?

இரண்டாவது விதி மசாலாவைப் பற்றியது. மசாலாவின் மணமெல்லாம் எளிதில் ஆவியாகும் எண்ணெய்களில் இருக்கிறது: பட்டையில் சின்னமால்டிஹைடு, கிராம்பில் யூஜெனால், கொத்தமல்லி விதையில் லினலூல், அன்னாசிப்பூவில் அனெத்தோல். பொடித்து நாளானால் மணம் போய்விடும் என்பதால், சுடும் நாளில் புதிதாகப் பொடிப்பதுதான் சரி. இஞ்சி காயும்போது அதன் ஜிஞ்சரால் ஷோகாலாக மாறுகிறது; ஷோகாலுக்குக் காரம் அதிகம். பச்சை இஞ்சியைவிடச் சுக்கு சுருக்கென்று உறைப்பது அதனால்தான்.

பட்டையில்தான் கவனம் தேவை. சந்தையில் பரவலாகக் கிடைக்கும் காசியா பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். சிலருக்கு அது கல்லீரலைப் பாதிக்கும். 2006இல் ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம் கிறிஸ்துமஸ் பட்டை பிஸ்கட்டுகள் குறித்து எச்சரித்தது. நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் கூமரின்தான் பாதுகாப்பான அளவு. காசியா பட்டை ஒரு கிலோவில் சராசரியாக 3,000 மில்லிகிராம் கூமரின் இருக்கிறது. 60 கிலோ எடையுள்ளவர் 2 கிராம் காசியா பட்டைத் தூள் சாப்பிட்டாலே எல்லையைத் தொட்டுவிடுவார். 15 கிலோ குழந்தைக்கு அரை கிராம் போதும். தினமும் சாப்பிட்டால்தான் கவலை. எப்போதாவது ஒருநாள் கூடிப்போனால் பயப்பட வேண்டியதில்லை.

இலங்கைப் பட்டையில் கூமரின் மிகச் சொற்பம். இரண்டையும் கண்ணாலேயே பிரித்துவிடலாம். காசியா கெட்டியான ஒற்றைப் பட்டை, எளிதில் உடையாது. இலங்கைப் பட்டை காகிதம்போல மெல்லிய பல அடுக்குகளாகச் சுருண்டிருக்கும். விரலால் அழுத்தினால் நொறுங்கும். பொடியாக வாங்கினால் வித்தியாசம் தெரியாது. ஆகவே முழுப்பட்டையாக வாங்குங்கள்.

வீட்டில் செய்வோருக்கு

மாவைத் தேனில் பிசைந்து ஓரிரு இரவுகளாவது ஊறவிடுங்கள். சுடும் நாளில் அரைக் கிலோ மாவுக்கு ஒரு மட்டமான தேக்கரண்டி சமையல் சோடா சேருங்கள். தேனின் அமிலத்தோடு சேர்ந்து அது வேலை செய்யும். 170 டிகிரியில் பொன்னிறமாகும்வரை மட்டும் சுடுங்கள். கரும்பழுப்பாக விட வேண்டாம். வெளியே எடுக்கும்போது நடுவில் சற்று மென்மையாக இருந்தால் சரியான பதம், ஆறியதும் இறுகிவிடும். பிறகு ஆப்பிள் துண்டோடு டின்னில் மூடிவைத்து, ஒரு வாரம் பொறுங்கள். தேனையும் காத்திருப்பையும் பாட்டிமார் சொன்னபடியே விட்டுவிடுங்கள். உப்பையும் பட்டையையும் மட்டும் மாற்றுங்கள்.