வீட்டு வளவில் தொழில் தொடங்குமுன் அறிய வேண்டிய விதிகள்

மிளகாயை மிளகாயாக விற்பதிலும் தூளாக விற்பதும், நெல்லை நெல்லாக விற்பதிலும் புழுங்கலரிசியாக விற்பதும் கூடிய வருவாய் தரும் என்பதை இணுவிற் கமக்காரருக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விளைந்ததை வீட்டிலேயே பதப்படுத்தி விற்க முற்படுவது வரவேற்கத்தக்கதே. ஆயினும், தோட்டக் காணியிற் பயிர் செய்வதற்கு இல்லாத சில கட்டுப்பாடுகள், அயலவரோடு வேலி பகிர்ந்த வளவில் இயந்திரம் ஓட்டுவதற்கு உண்டு. இதனை அறியாது முதலிட்டு நட்டமுற்றோர் உளர்.

யான் நேரிற் கண்ட ஒன்றைக் கூறுகிறேன். கமக்காரர் ஒருவர் கடன்பட்டு ஓர் அரைக்கும் இயந்திரம் வாங்கினார். அவருடைய வளவு இரண்டு பரப்பு. குசினிக்குப் பின்னால், வேலியோடு ஒட்டினாற்போலக் கொட்டில் போட்டார். மிளகாய் அரைக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வேலிக்கு அப்பாலிருந்த முதியவர் இருமலால் உறக்கமின்றித் தவித்தார். முறைப்பாடு சென்றது. அனுமதிப்பத்திரம் எங்கே என்று வினவப்பட்டபோது கமக்காரர் எடுத்துக் காட்டியது வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். கொட்டிலை இடம் மாற்றிக் கட்டும்வரை ஐந்து மாதம் இயந்திரம் சாக்கால் மூடிக்கிடந்தது. கடன் தவணை மாத்திரம் நிற்கவில்லை.

அவர் செய்த தவறு பலரும் செய்வதே. உடுவிற் பிரதேச செயலகத்திற் பெயரைப் பதிவது, இன்ன பெயரில் வியாபாரம் நடத்துபவர் இன்னார் என்பதற்கு மட்டுமே சான்று. இன்ன இடத்தில் இன்ன தொழிலைச் செய்யலாம் என்னும் அனுமதி அதிலே அடங்காது. அவ்வனுமதியை வழங்குவது சுன்னாகத்திலுள்ள வலிகாமம் தெற்குப் பிரதேச சபை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, உணவுப் பொருள் செய்து விற்றல், அயலவருக்குத் தொல்லையோ ஆபத்தோ விளைக்கக்கூடிய தொழில்கள் முதலியவற்றுக்குச் சபை தன் துணைவிதிகளின்கீழ் உரிமம் வழங்கும். கட்டணம் அவ்விடத்தின் ஆண்டுப் பெறுமதியை ஒட்டி அறவிடப்படும். உரிமம் திசெம்பர் 31 உடன் முடிவடையும்; ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். உணவுப் பொருளாயின் பொது சுகாதாரப் பரிசோதகரும் இடத்தைப் பார்வையிடுவார். புதிதாகக் கொட்டில் கட்டுவோர் அதன் வரைபடத்துக்கும் சபையின் அனுமதி பெறுதல் வேண்டும். 1978 ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டத்தின்கீழ்ப் பிரகடனம் செய்யப்பட்ட பகுதியில் உங்கள் காணி அடங்குமாயின், குடியிருப்புக் கட்டடத்தைத் தொழிலுக்கு மாற்றுவதற்கும் முன் அனுமதி தேவை.

இனி ஒலியைப் பற்றி. 1996 ஆம் ஆண்டின் ஒலிக்கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள் பிரதேச சபைப் பகுதிகளைக் குறைந்த ஒலியுள்ள பகுதிகளாக வகுத்துள்ளன. அங்கே பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என்பது எல்லை. இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுகிறது. ஒலி அளக்கப்படுவதும் இயந்திரத்தின் அருகிலன்று, காணியின் எல்லையிலேதான். பகலெல்லாம் தோட்டத்தில் நின்று, பொழுதுபட்டபின் அரைக்கலாம் என்று எண்ணுவோர் இதனை நன்கு கவனிக்க வேண்டும். கொட்டில் வேலியிலிருந்து விலக விலக ஒலி குறையும். தூளுக்கு இன்னுமொரு கணக்குண்டு. மிளகாய் அரைபடும் காலம் பெரும்பாலும் சோளகக் காலம். அக்காலத்தில் வடகிழக்கு மூலையிலுள்ள கொட்டிலிலிருந்து பறக்கும் தூள் நேரே அயல் வளவுக்குச் செல்லும். தென்மேற்குப் பக்கத்தில் அமைத்தால் அது முதலில் உங்கள் வளவையே கடக்கும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது கழிவுநீர். எமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மண்ணின் கீழுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளில் தேங்கும் மழைநீரே கிணற்று நீராகிறது. வளவின் ஒரு மூலையில் ஊற்றியது அவ்வெடிப்புகளின் வழியே அயலவர் கிணற்றை அடையக்கூடும். அண்மையிலுள்ள சுன்னாகத்தில், மின்நிலையத்தின் சுற்றுப்புறக் கிணறுகளிற் கழிவெண்ணெய் கலந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். 2015 ஆம் ஆண்டிற் தொடுக்கப்பட்ட வழக்கில், அங்கு மின்னுற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 இற் தீர்ப்பளித்தது. வீட்டுத் தொழிலின் கழிவு அத்துணைப் பெரிதன்று என்பது உண்மையே. எனினும் நெல் ஊறவைத்த நீரை நாள்தோறும் ஒரே குழியில் ஊற்றினால், அது புளித்து நாறுவதோடு கிணற்றையும் கெடுக்கும்.

புழுக்குவோர் நெல்லைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறவிடும் வழக்கத்தைக் கைவிட்டு, 65 முதல் 70 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் 3 அல்லது 4 மணிநேரம் ஊறவைத்தால் புளிப்பும் நாற்றமும் பெரிதும் ஒழியும். அரிசியும் நல்விலை பெறும். வடித்த நீர் சிறிதளவாயின், கிணற்றுக்கு எட்ட நிற்கும் தென்னை, வாழைகளின் அடியில் இடம் மாற்றி மாற்றி ஊற்றலாம். பேரளவாயின் அதனைத் தேக்கிச் சுத்திகரிக்கும் ஏற்பாட்டைச் சபையிற் காட்டியே தொடங்க வேண்டும்.

சில தொழில்களுக்குச் சபையின் உரிமத்தோடு, 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்கீழ்ச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் வேண்டும். 2008 இல் வெளியான பட்டியலில் நெல் குற்றும் ஆலை, அரைக்கும் ஆலை ஆகியவற்றோடு புகையிலை உலர்த்தும் குடிலும் இடம்பெற்றிருந்தமை இணுவிற் புகையிலைச் செய்கையாளர் கவனிக்கத்தக்கது. இப்பட்டியல் காலத்துக்குக் காலம் திருத்தப்படுவது; ஆதலால் விண்ணப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ளதைச் சபையிற் கேட்டறிக.

வளவில் இடம் போதாதென்று வயலில் மண் நிரப்பிக் கொட்டில் போட எண்ணுவோருக்கும் ஒரு சொல். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதியின்றி நெற்காணியை நிரப்புதல் குற்றமாகும். காணி உம்முடையது என்பது இதற்கு விடையாகாது.

சபைக்குச் செல்லும்போது வளவின் படமொன்றைக் கையால் வரைந்தாயினும் கொண்டு செல்லுங்கள். வீடு, கொட்டில், ஒழுங்கை, உங்கள் கிணறு ஆகியவற்றோடு அயலவர் கிணறுகளையும் மலசலகூடக் குழிகளையும் குறித்து, அவற்றின் இடைத்தூரங்களை அடிக்கணக்கில் எழுதுங்கள். இயந்திரத்தின் குதிரைவலு, நாளொன்றுக்கு அரைக்கும் நிறை, வேலை நேரம் என்பவற்றையும் சேர்த்து விண்ணப்பத்தை எழுத்திற் கொடுத்து, பெற்றுக்கொண்டமைக்கு ஒப்பம் வாங்குங்கள். இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுவது, சபையின் மறுமொழி கைக்கு வந்த பின்னரே.