பம்பைத் தோலும் இராமச்சந்திரன் வரைபடமும்

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை இரவில் ஒலிக்கும் பம்பையின் தோல் ஈரக்காற்றில் தளர்வதற்கும், அனலில் காட்டினால் விறைப்பதற்கும், அதில் நிறைந்துள்ள கொலாஜன் என்னும் புரதம் நீரை ஏற்பதும் இழப்பதுமே காரணம். பாலூட்டிகளின் உடற்புரதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கான கொலாஜன், மூன்று இழைகள் சேர்ந்த கட்டமைப்பு உடையது என்று சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் நேச்சர் இதழில் எழுதினர். அவ்விழைகள் கயிற்றுப் புரிகளைப் போல ஒன்றையொன்று சுற்றி முறுகியுள்ளன என்று மறு ஆண்டே தம் வடிவத்தைத் திருத்தினர். புரிகளின் நடுவே இடம் மிகக் குறைவு என்பதால், இழையின் ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அமினோ அமிலங்களுள் மிகச் சிறியதான கிளைசீன் மட்டுமே பொருந்துகிறது.

இவ்வடிவத்தில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்குகின்றன என்று பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் மறுத்தனர். அம்மறுப்பை வெறும் வாதத்தால் எதிர்கொள்ளாமல், அணுக்கள் எவ்வளவுதான் நெருங்க முடியும் என்பதை அறியப்பட்ட படிகங்களிலிருந்து இராமச்சந்திரன் தொகுத்துப் பார்த்ததுதான் இவ்வரலாற்றின் உயர்ந்த பகுதி. புரத இழை என்பது கீல்களால் இணைந்த தட்டையான துண்டுகளின் தொடர். ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் ஃபை, சை என்னும் இரு கோணங்களே இழை திரும்பும் திசையை முடிவு செய்கின்றன. பெரும்பாலான கோணச் சேர்க்கைகளில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதிவிடும் என்பதால், இயலக்கூடியவை வரைபடத்தில் சில தீவுகளாகவே எஞ்சுகின்றன. சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963இல் வெளியிட்ட இப்படமே இராமச்சந்திரன் வரைபடம் எனப்படுகிறது.

1961இல் பட்நாகர் விருதும், 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும், 1999இல் பன்னாட்டுப் படிகவியல் ஒன்றியத்தின் எவால்ட் பரிசும் அவரை அடைந்தன. நோபல் பரிசு வரவில்லை, அக்குறை அப்பரிசுக்கே உரியது. ஒரு கண்டுபிடிப்புக்கு உரிய மதிப்பைப் பதக்கத்தைவிட அன்றாடப் பயன்பாடே உறுதியாகக் காட்டுகிறது. உலகெங்கும் ஆய்வகங்கள் புரதத் தரவு வங்கிக்கு அனுப்பும் கட்டமைப்புகள் இன்றும் இவ்வரைபடத்தைக் கொண்டு சோதிக்கப்படுகின்றன. ஏதேனும் ஓர் அமினோ அமிலம் தீவுகளுக்கு வெளியே விழுந்தால், சோதனை அறிக்கை அதனை இராமச்சந்திரன் விலகல் என்றே குறிக்கிறது; ஆய்வாளர் தம் எலக்ட்ரான் அடர்த்திப் படத்தைத் திறந்து, அந்த ஓர் இடத்தை மீண்டும் கூர்ந்து பார்க்கிறார்.