இயந்திரத்தின் சொல்லுக்கு யார் பொறுப்பு?

2022ஆம் ஆண்டு நவம்பரில் கனடா நாட்டார் ஒருவர், தம் பாட்டியார் காலமானதால், வான்கூவரிலிருந்து டொராண்டோ செல்ல வேண்டியவரானார். உறவினரின் மரணத்தை முன்னிட்டுப் பயணம் செய்வோருக்கு ஏர் கனடா விமானக் கம்பெனி கட்டணச் சலுகை அளித்து வந்தது. அதன் இணையதளத்தில், வினவுவோர்க்குத் தானே விடை கூறும் 'சாட்பாட்' என்னும் அமைப்பொன்று இருந்தது. முழுக் கட்டணம் செலுத்திச் சென்றாலும், சீட்டு வழங்கப்பட்ட 90 நாட்களுக்குள் விண்ணப்பித்துச் சலுகையைப் பெறலாம் என்று அது விடையளித்தது. அவ்வாறே அவர் விண்ணப்பித்தார். கம்பெனி மறுத்துவிட்டது, பயணம் முடிந்தபின் சலுகை இல்லை என்பதே அதன் விதி.

வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உரிமையியல் தீர்ப்பாயத்தை அடைந்தது. தன் செயல்களுக்குத் தானே பொறுப்பேற்கவல்ல, சட்டத்தின் கண் தனியான ஓர் ஆள் அவ்வமைப்பு என்று பொருள்படும் வாதத்தைக் கம்பெனி முன்வைத்தது! சிப்பந்தி ஒருவர் இதே பிழையைக் கூறியிருப்பின், கம்பெனி இவ்வாறு கைகழுவ முற்பட்டிருக்குமா என்பது ஐயமே. சரியான விதி தளத்தின் வேறொரு பக்கத்தில் இருந்தது என்றும் கூறப்பட்டது. ஒரு தளத்தின் ஒரு பகுதியை நம்பலாம், மற்றொன்றை நம்பலாகாது என்பதை வாடிக்கையாளர் எங்ஙனம் அறிவார் என்பதே தீர்ப்பாயத்தின் கருத்து. தவறான தகவலைக் கவனக்குறைவால் அளித்தமைக்கு நஷ்டஈடாக 650.88 கனடிய டாலரும், அதற்கு மேல் வட்டியும் கட்டணமும் செலுத்துமாறு 2024 பிப்ரவரி 14இல் தீர்ப்பாயிற்று.

கருவியைப் பயன்படுத்துவோரும் தப்புவதில்லை. 'சாட்ஜிபிடி' கற்பித்துத் தந்த, உலகில் இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 2023 ஜூனில் நியூயார்க் நகரின் கூட்டாட்சி நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இங்கு நோக்கத்தக்கது. ஒருவரால் அல்லது அவர் பொருட்டுத் தானே இயங்குமாறு அமைக்கப்பட்ட முறை அனுப்பும் மின்னணுப் பதிவு, அவருடையதாகவே கொள்ளப்படும் என்கிறது அது. ஆயினும், இட்ட கட்டளைப்படி மட்டும் விடையளிக்கும் பொறிகளே அந்நாளில் பெரும்பாலும் வழக்கில் இருந்தன. இக்காலத்து மொழி மாதிரிகளோ, முன் வந்த சொற்களை அடுத்து வரக்கூடிய சொல் யாது என நிகழ்தகவால் கணித்து வாக்கியம் அமைப்பவை. அவை என்ன சொல்லும் என்பதை ஆக்கியோரும் முன்கூட்டி அறியார். ஆகவே ஆக்கியவர், தம் தொழிலில் அமர்த்தியவர், பயன்படுத்தியவர் ஆகிய மூவருள் சுமை யாருக்கு எவ்வளவு என்பதே இப்போது தீர்க்கவேண்டிய சிக்கல். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய பொருட்பொறுப்பு நெறிமுறை, மென்பொருளையும் ஒரு விளைபொருளாகக் கருதி, அதன் குறைபாட்டால் நேரும் தீங்குக்கு ஆக்கியவரைப் பொறுப்பாளியாக்குகிறது. உறுப்பு நாடுகள் அதனைத் தம் சட்டங்களில் சேர்ப்பதற்கு விதித்த கெடு 2026 டிசம்பர் 9.