துயர காலத்தில் உடலுக்கும் ஓர் ஆறுதல்



2020-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. தெலுக் பங்லிமா காராங்கில் நாங்களும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தோம். அக்காலத்தில்தான் என் தாயார் காலமானார். கருமாதி முடிந்தும் பல வாரங்கள் நான் வாசற்படியைத் தாண்டவில்லை. ஆணை விலகியது, துக்கம் விலகவில்லை.

துயரம் மனத்தோடு நிற்பதில்லை. பசி மந்தமாகிறது. கழுத்தும் தோளும் இறுகுகின்றன. பகலெல்லாம் படுத்துக் கிடந்தால் இரவுத் தூக்கமும் கெடுகிறது. காலை வெளிச்சத்தில் சிறிது நடந்தால் உடல் பகலையும் இரவையும் பிரித்தறிகிறது. தூக்கம் மெல்லத் திரும்புகிறது. மனமும் சற்றே இளகுகிறது.

“நாள் முழுதும் செம்பனைப் பழம் பொறுக்குகிறோம். இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?” என்று தாய்மார்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அலுத்த உடலுக்கு மேலும் பாரம் வேண்டாம். காலை நீட்டி உட்கார்ந்து, தோளை மெதுவாகச் சுழற்றி, மூச்சை நிதானமாக இழுத்து விட்டாலே போதும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டி, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கம் நல்லது என்கிறது. ஒன்றும் செய்யாததைவிடச் சிறிதேனும் செய்வது மேல் என்றும் அது சொல்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டாவது சொல்லே போதும்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளையிடம், “ஒரு வரி வாசி அய்யா, போதும்” என்கிறோம். அதட்டினால் பிள்ளை புத்தகத்தையே வெறுத்துவிடும். துயரத்தில் நம் உடலும் அப்படிப்பட்ட பிள்ளைதான். முதல் நாள் வாசல்வரை. மறுநாள் பக்கத்து வீடுவரை. அண்டை வீட்டு அக்காள் துணைக்கு வந்தால் இன்னும் நல்லது. வழியில் அழுகை வந்தால் அழுங்கள். ஒரு நாள் முடியாமற்போனால் உங்களை நீங்களே ஏசிக்கொள்ளாதீர்கள், மறுநாள் இருக்கிறது.

நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு நடக்க வேண்டாம். வாரக்கணக்கில் உணவும் உறக்கமும் இல்லாவிட்டால் அரசாங்க கிளினிக்கில் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு நாளும் காத்திராதீர்கள். அருகில் இருப்பவரிடம் உடனே சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணிலும் பேசலாம்.

நாளைக் காலை வாசல்வரை மட்டும் வாருங்கள்.