சுற்றின் மேல் சுற்று ஏறாமல்

தாளையடி, கட்டைக்காடு, வெற்றிலைக்கேணி என்று வடமராட்சி கிழக்கின் எந்தக் கரையில் கரைவலை இழுத்தாலும் நான் முதலில் தேடுவது ட்ரக்டரை அல்ல, அதற்குப் பின்னால் மணலில் நிற்கும் ஆளைத்தான். ட்ரக்டரின் பின்புறம் பூட்டிய இரும்பு உருளையில் கயிறு மூன்று நான்கு சுற்றுச் சுற்றிக் கழன்று வரும். கழன்று வரும் தலைப்பை இழுத்துப் பிடித்து, வளையம் வளையமாக மணலில் அடுக்குவது அவர் வேலை. சத்தமெல்லாம் இயந்திரத்தினுடையது. வலை ஒழுங்காக வருவதும் வராததும் அவர் கையில்.

சோளகம் தரைப்பக்கமிருந்து வீசும் மாதங்களில் இந்தக் கடல் படுத்துக் கிடக்கும். அன்றும் இன்றும் கரைவலைக்கு அதுதான் காலம். அன்று ஒரு வலைக்கு இரண்டு பக்கமும் தும்புக் கயிறு, பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து பேர். கயிற்றைத் தோளிலும் இடுப்பிலும் கொடுத்து, பின்புறமாக நடந்து மேட்டுக்கு ஏறி, அங்கே விட்டுவிட்டுத் திரும்ப அலைவாய்க்கு ஓடி வருவார்கள். ஒரு பக்கம் முந்தினால் வலையின் வாய் கோணும், மீன் அந்த வழியால் போய்விடும். இரண்டு பக்கத்தையும் ஒரே கதியில் வைத்திருந்தது அம்பாப் பாட்டு. களைப்புத் தெரியாமலிருக்கப் பாடினார்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. அந்தப் பாட்டு ஓர் அளவுகோலும் கூட.

கயிற்றின் கடைசியில் ஒருவர் குந்தியிருந்து சுருட்டுவார். பெரும்பாலும் இழுக்க ஏலாத வயதாளி. வலப்பக்கம் முறுக்கிய கயிற்றை வலஞ்சுழியாகத்தான் சுருட்ட வேண்டும், மாறிச் சுருட்டினால் முறுக்கு விழும். அடுத்த முறை வள்ளம் வலை வளைக்கப் போகும்போது அந்த வளையங்கள் ஒவ்வொன்றாகக் கழன்று கடலுக்குள் ஓடும். முறுக்கு விழுந்த ஒரு வளையம் போதும், நிற்பவரின் காலைக் கொளுவிக் கொண்டுபோக.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். யுத்தம், கடலுக்குப் போகத் தடை, 2004 மார்கழி 26 சுனாமி, திரும்பவும் யுத்தம். 2009க்குப் பிறகு வாடிகள் மறுபடி எழுந்தன, ஆனால் கயிறு பிடிக்க ஆள் கிடைப்பது அரிதாயிற்று. இளம் பொடியள் வெளிநாட்டில், இல்லாவிட்டால் எஞ்சின் படகில். ட்ரக்டர் கரைக்கு இறங்கியது.

உருளையில் சுற்றிய கயிற்றுக்கு ஒரு வித்தை உண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே கணிதவியலாளர் ஒயிலர் கணக்குப் போட்டுக் காட்டியது அது. உராய்வுக் குணகம் கால் என்று வைத்தால், ஒரு சுற்று கையின் பிடியை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கும். மூன்று சுற்றில் அது நூறு மடங்கைத் தாண்டும். தலைப்பைப் பத்துக் கிலோ பாரத்தோடு பிடிப்பவர் ஒரு தொன்னை மறித்து நிற்கிறார். கையைத் தளர்த்தினால் கயிறு உருளையில் வழுக்கும், இறுக்கினால் வரும். ஆனால் நைலோனும் பிளாஸ்டிக் கயிறும் தும்பு மாதிரி இல்லை. கனநேரம் வழுக்கவிட்டால் சூடேறி மேற்புறம் உருகி மினுங்கும்.

கயிறு உருளைக்கு நேர்க்குத்தாக வராமல் சாய்ந்து வந்தால் அதைவிடப் பெரிய வில்லங்கம். புதுச் சுற்று பழைய சுற்றின் மேல் ஏறும். ஏறினால் கயிறு தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். தலைப்பை விட்டாலும் கழலாது, உருளை இழுத்துக்கொண்டே போகும். கடைசியில் தலைப்பும் உள்ளே போகும், அதற்குள் கால் அகப்பட்டால் காலும். “நிப்பாட்டு, நிப்பாட்டு” என்ற கத்தல் எஞ்சின் இரைச்சலைத் தாண்டி ஓட்டுநரின் காதில் விழ வேண்டும்.

காட்டில் வின்ச் வைத்து மரக்குற்றி இழுப்பவர்களுக்கும் இதே தலையிடிதான். அவர்களுடைய கம்பிவடம் உருளையிலேயே அடுக்கடுக்காகத் தங்க வேண்டும். குற்றி பக்கவாட்டில் கிடந்தால் வடம் ஒரு ஓரத்தில் குவியும். கீழ் அடுக்கு தளர்வாக இருந்தால் பாரத்தோடு வரும் மேல் சுற்று அதைப் பிளந்து உள்ளே இறங்கும். பள்ளம் வெட்டாத உருளைக்குச் சாய்வு ஒன்றரைப் பாகையைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான விதி. ஒரு அடி அகல உருளையென்றால் நடுவுக்கு நேரே, முதல் கப்பி பத்தொன்பது அடிக்கு அப்பால் இருக்க வேண்டும். கடற்கரையில் ஒருவரும் பாகை அளப்பதில்லை. நீரோட்டம் வலையைத் தள்ளத் தள்ளக் கயிறு வரும் திசை மாறும், அப்போது ட்ரக்டரை நகர்த்த வேண்டும். எப்போது நகர்த்துவது என்பதைத் தலைப்புக்காரர்தான் கண்டு சொல்வார்.

கரைவலைக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டத்தின் கீழ் வரும் தொழில் அது. வின்ச் பூட்டுவது கூடுமா கூடாதா என்பதில் இங்கேயும் முல்லைத்தீவிலும் நீண்ட பிணக்கு. அடிமணல் கிளறுபடுகிறது, குஞ்சு மீன் அழிகிறது என்பது ஒரு பக்கம். கையால் இழுக்க ஆள் எங்கே என்பது மறுபக்கம். இரண்டிலும் நியாயம் உண்டு. எனக்கு உறுத்துவது பங்குக் கணக்குத்தான். முன்பு முப்பது வீட்டு உலைக்குப் போனது இப்போது டீசலுக்கும் ட்ரக்டர் வாடகைக்கும் போகிறது.

வலையின் மடி கரைக்குக் கிட்ட வந்ததும் ட்ரக்டரை நிறுத்துகிறார்கள். அந்தக் கடைசிப் பாகத்தை இயந்திரத்திடம் விட்டால் வலை கிழியும், மீன் நசியும். இருக்கிற ஏழெட்டுப் பேரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் இழுக்கிறார்கள். நெத்தலியும் சூடையும் மடிக்குள் துள்ளுகின்றன. தலைப்புக்காரர் மட்டும் வரவில்லை. உருளையில் மிஞ்சிய மூன்று சுற்றையும் கழற்றி, வலஞ்சுழியாக அடுக்கிக்கொண்டிருக்கிறார்.