கை வீக்கமும் காற்றுறைச் சிகிச்சையும்

மார்பகப் புற்றுநோய்க்காகச் சிகிச்சை பெற்ற பெண்களிற் சிலருக்கு, நோய் நீங்கிய பின்னரும் அப்பக்கத்துக் கை வீங்கத் தொடங்குகிறது. சில மாதங்களிலும் தோன்றலாம். பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டலாம். ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது நேரிடுவதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டிற்று. அக்குளிலுள்ள கணுக்களை முழுதும் அகற்றாது, ஒருசிலவற்றை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை பரவிய பின் இவ்வபாயம் பெரிதும் குறைந்துள்ளது.

இரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களிற் கசியும் நீர், புரதத்தையும் சுமந்துகொண்டு நிணநீர்க் குழாய்களின் வழியே திரும்புகிறது. கையின் நிணநீருக்கு அக்குட் கணுக்களே முக்கிய வாயில். அவை அகற்றப்பட்டாலோ, கதிர்வீச்சினால் தழும்பேறினாலோ, நீர் தேங்கும். 1955-இல் தொடங்கிய தேசிய யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தின் வழிவந்த களப் பணியாளர்களுக்கு இது புதிதன்று; அங்கே புழு செய்யும் கேட்டை இங்கே சிகிச்சையே செய்துவிடுகிறது. தேங்கிய நீரை நெடுநாள் விட்டுவைத்தால் நார்த்திசுவும் கொழுப்பும் வளர்ந்து கை இறுகிவிடும்.

இதற்கென வீட்டிலேயே பயன்படுத்தும் கருவி ஒன்று உண்டு. விரல் முதல் தோள் வரை அணியும் உறையொன்றில் பல அறைகள் உள்ளன. சிறு மின்பம்பு அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காற்றால் நிரப்புகிறது. முதலில் கைப்பக்கம், பிறகு முன்கை, பிறகு மேற்கை. முன்னே நிரம்பிய அறை தளராதிருக்கையிலேயே அடுத்தது நிரம்புவதால், நீர் பின்னோக்கி வழியாது. பால் கறப்பவர் மேல்விரலை இறுக்கிய பின்னரே கீழ்விரல்களை வரிசையாக மடக்குவதைக் கவனித்தவர்க்கு இத்தத்துவம் எளிதில் விளங்கும். அழுத்தம் வழக்கமாக 30 முதல் 60 மி.மீ. பாதரச அளவு, நேரம் சுமார் ஒரு மணி. அழுத்தத்தைக் கூட்டினால் விரைவில் குணமாகும் என்றெண்ணுவது தவறு. தோலடியிலுள்ள நிணநீர்க் குழாய்கள் மிக மென்மையானவை.

கருவியை விற்போர் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. பம்பு நீரைத் தள்ளுகிறதேயன்றிப் புரதத்தை அவ்வளவாக அகற்றுவதில்லை. எஞ்சிய புரதம் மீண்டும் நீரை ஈர்க்கும். ஆகையால், உறையைக் கழற்றியதும் இறுக்கமான மீள்துணிக் கையுறையோ கட்டோ அணியாவிடில் பெற்ற பயன் வீணாகும். கட்டுப் போடுதல், தோலைப் பேணுதல், உடற்பயிற்சி ஆகியவற்றிற்கு இது துணையே, மாற்று அன்று. கை சிவந்து காய்ச்சல் கண்டிருக்கையிலும், நாளத்தில் இரத்தம் உறைந்திருக்கையிலும், இதயம் தளர்ந்திருக்கையிலும் இதனைப் பயன்படுத்தலாகாது. மருத்துவர் பார்த்த பின்னரே தொடங்க வேண்டும்.

கிராமத்தில் இக்கருவியைவிட முதலில் பயன்படுவது தையற்காரரின் அளவு நாடாவே என்பது எமது கருத்து. மணிக்கட்டிலிருந்து 4 செ.மீ.க்கு ஒருமுறை குறியிட்டு, இரு கைகளின் சுற்றளவையும் எழுதி வைக்க வேண்டும். ஓரிடத்திலேனும் 2 செ.மீ. வேறுபாடு காணின் மருத்துவரிடம் அனுப்புக. வளையல் இறுகிற்று என்று அப்பெண் சொல்வதையும் அலட்சியம் செய்யற்க.

இத்தகைய பெண்கள் ஆயுள் முழுதும் குடம் தூக்கலாகாது என்று முன்பு விதிக்கப்பட்டு வந்தது. 2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், ஏற்கெனவே வீக்கமுள்ள பெண்கள் மேற்பார்வையுடன் சிறிது சிறிதாகப் பளு தூக்கிப் பழகியபோது கை மேலும் வீங்கவில்லை. திடீரென நோய் முற்றுவதும் குறைந்தது. பயிற்சியின்போது அவர்கள் மீள்துணிக் கையுறை அணிந்திருந்தனர்.